அதிகாரமும் பொறுப்பும்: சோவியத் வான்படைத் தலைமைத் தளபதி அ. அ. நோவிகோவின் பணிவாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரில் சோவியத் வான்படையின் தலைமைத் தளபதியாக 1942 ஏப்ரல் முதல் 1946 மார்ச் வரை பணியாற்றியவர் அலெக்சாந்தர் அலெக்சாந்திரோவிச் நோவிகோவ் (1900–1976). சிதறிக் கிடந்த வான்படையை ஒருமுகப்படுத்தியது அவருடைய முதன்மைப் பங்களிப்பாகும். போர் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், குறைபாடுடைய விமானங்களை ஏற்றுக்கொண்டார் என்னும் குற்றச்சாட்டில் அவர் சிறைப்பட்டார். இவ்விரு நிகழ்வுகளையும் தனித்தனியே காணாமல், ஒரே நிருவாக அமைப்பின் இரு விளைவுகளாகக் காண இக்கட்டுரை முயல்கிறது. விமானத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பல இடங்களில் பகிர்ந்து கிடக்க, அதற்கான பொறுப்பு மட்டும் தனிமனிதர்மீது சுமத்தப்பட்டதே அவர் வீழ்ச்சியின் அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்

நோவிகோவ், சோவியத் வான்படை, வான்சேனை, ஸ்டாலின்கிராடு, விமானத் தொழில், விமானிகள் வழக்கு, படைத்துறை நிருவாகம்.

முன்னுரை

படைத்தளபதிகளின் வாழ்க்கையைப் போர்க்களங்களின் வரிசையாக எழுதுவது வரலாற்றெழுத்தில் நெடுங்காலமாக நிலவும் மரபு. வெற்றிகள் தளபதியின் திறமைக்கும், வீழ்ச்சி ஆட்சியாளரின் சினத்துக்கும் உரியனவாக அம்மரபில் பிரித்துரைக்கப்படுகின்றன. நோவிகோவைப் பற்றிய எழுத்துகளிலும் இப்போக்கைக் காணலாம். சோவியத் காலத்து நூல்கள் அவருடைய போர்ப்பணியை விரித்துரைத்துச் சிறைவாழ்வைப் பேசாது விட்டன. பிற்கால எழுத்துகள் பல 1946ஆம் ஆண்டு வழக்கை ஸ்டாலினின் தனிப்பட்ட ஐயத்தின் விளைவாக மட்டும் காட்டின. இரண்டு அணுகுமுறைகளிலும் விடுபடுவது அவர் வகித்த பதவியின் இயல்பு. அப்பதவிக்கு எந்த அதிகாரம் இருந்தது, எது இல்லை என்னும் வினாவை முன்வைத்து அவருடைய பணிவாழ்வை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோவிகோவுக்கு முன் அப்பதவி

நோவிகோவ் பொறுப்பேற்றபோது வான்படைத் தலைமைப் பதவி ஏற்கெனவே குருதிக்கறை படிந்திருந்தது. 1931 முதல் 1937 வரை வான்படையைக் கட்டியெழுப்பிய யாகோவ் அல்க்ஸ்னிஸ் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அப்பதவியை வகித்த லொக்தியோனோவ், ஸ்முஷ்கேவிச், ரிச்சாகோவ் ஆகிய மூவரும் 1941இல் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் நீதிமன்ற விசாரணை இன்றியே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஐந்தாமவரான ஜிகாரெவ் மட்டுமே உயிர்தப்பினார்.

ரிச்சாகோவின் பதவிநீக்கம் இக்கட்டுரையின் மையப் பொருளோடு நேரடித் தொடர்புடையது. நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மூன்று விமானங்கள் விபத்துகளில் அழிகின்றன என்றும், வான்படைத் தலைமையின் ஒழுங்கின்மையே அதற்குக் காரணம் என்றும் 1941 ஏப்ரல் 9ஆம் நாளைய தீர்மானம் கூறியது. அதே மாதத்தில் முப்பது வயதே ஆன ரிச்சாகோவ் பதவி இழந்தார். விபத்துகளைப் பற்றிய கூட்டமொன்றில், விமானிகளைச் சவப்பெட்டிகளில் பறக்கவிடுவதே விபத்துக்குக் காரணம் என்னும் பொருள்பட ஸ்டாலினின் முகத்துக்கு நேரே அவர் கூறியதாக அட்மிரல் இசாக்கோவின் நினைவுரை ஒன்று தெரிவிக்கிறது. எழுத்தாளர் கான்ஸ்தாந்தின் சீமனோவ் வழியாக வந்த இச்செய்தி பல ஆண்டுகளுக்குப் பிற்பட்ட நினைவு என்பதால், சொல்லுக்குச் சொல் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. ஆயினும் விமானத்தின் தரம், விபத்து, தளபதியின் தலைவிதி ஆகிய மூன்றும் 1946க்கு முன்பே ஒரே முடிச்சில் பிணைந்திருந்தன என்பதற்குத் தீர்மானமே போதிய சான்றாகும்.

2. தரைப்படையிலிருந்து வான்படைக்கு

நோவிகோவ் கஸ்த்ரமா மாகாணத்தின் கிரியூக்கவோ சிற்றூரில் 1900ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிலகாலம் ஊர்ப்பள்ளியில் கற்பித்தார். 1919இல் செஞ்சேனையில் சேர்ந்தார்; 1930இல் ஃபிரூன்சே படைத்துறைக் கழகத்தில் கல்வியை முடித்தார். இவை யாவும் தரைப்படை அதிகாரியாக அவர் பெற்ற பயிற்சிகள். 1933இல்தான் அவர் வான்படைக்கு மாற்றப்பட்டார். அங்கும் முதலில் ஏற்றது விமானப் படையணி ஒன்றின் பணிக்குழுத் தலைவர் பொறுப்பு. 1938 முதல் லெனின்கிராடு படைமாவட்ட வான்படையின் பணிக்குழுத் தலைவராக இருந்தார். 1939–40 பின்லாந்துப் போரில் வடமேற்குப் போர்முனை வான்படையில் அதே பொறுப்பை வகித்தார். 1940இல் படைமாவட்ட வான்படையின் தளபதியானார்.

ஸ்முஷ்கேவிச்சும் ரிச்சாகோவும் ஸ்பெயின் வானில் போரிட்டுப் புகழ்பெற்ற விமானிகள். நோவிகோவின் புகழோ விமானியறையில் பிறந்ததன்று. வரைபடமும் பணிக்குழு மேசையுமே அவரை உருவாக்கின. தரைப்படைக்கு எப்போது, எங்கே, எவ்வளவு வான்வலிமை தேவை என்பதைத் தரைப்படையின் பக்கமிருந்து அறிந்திருந்தமை அவருடைய பிற்கால முடிவுகளுக்கு அடித்தளமாயிற்று.

3. லெனின்கிராடு: ஒருமுகப்படுத்தலின் முதற் சோதனை

1941 ஜூன் 22ஆம் நாள் செருமானியத் தாக்குதலின் முதல் நாளிலேயே சோவியத் தரப்பு ஏறத்தாழ 1,200 விமானங்களை இழந்தது. அவற்றுள் பெரும்பகுதி தரையிலேயே அழிந்தன. லெனின்கிராடு பகுதி அந்த முதல் அடியிலிருந்து ஓரளவு தப்பியது. ஜூன் 25 முதல் பின்லாந்தின் விமானத் தளங்கள்மீது நோவிகோவின் தலைமையில் தொடர் தாக்குதல் நடத்தப்பட்டது. சோவியத் எழுத்துகள் இதனை வெற்றிகரமான முன்தாக்குதலாகக் குறிப்பிட்டன. ஆனால் அன்று மாலையே பின்லாந்து தான் போர்நிலையில் இருப்பதாக அறிவித்தது. பின்லாந்து வான்படைக்கு நேர்ந்த இழப்பும் சிறிதே. ஆகவே அரசியல் நோக்கில் இத்தாக்குதலின் பயன் கேள்விக்குரியது.

நிருவாக நோக்கில் அதன் இடம் வேறு. படைமாவட்ட விமானங்களும் கடற்படை விமானங்களும் ஒரே திட்டத்தின்கீழ் அதில் இயங்கின. அடுத்த வாரங்களில் வடமேற்குத் திசையின் வான்படைப் பொறுப்பு நோவிகோவிடம் வந்தபோது, போர்முனை வான்படை, பால்டிக் கடற்படையின் விமானங்கள், வான்பாதுகாப்புச் சண்டை விமானங்கள் ஆகியவற்றை நகரின் பாதுகாப்புக்காக ஒன்றிணைத்துப் பயன்படுத்த அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. போர் தொடங்கிய காலத்தில் சோவியத் விமானங்களில் பெரும்பகுதி தனித்தனித் தரைச்சேனைகளுக்குப் பங்கிடப்பட்டிருந்தது. ஒரு சேனையின் தளபதி தன்வசமிருந்த விமானங்களை அண்டைச் சேனையின் நெருக்கடிக்கு அனுப்ப விரும்பமாட்டார். எண்ணிக்கையில் மிகுந்த வான்படை, தேவைப்படும் இடத்தில் எப்போதும் மெலிந்தே காணப்பட்டதற்கு இதுவே காரணம். இதற்கான மாற்றை லெனின்கிராடு காட்டியது.

4. வான்சேனைகளின் உருவாக்கம்

1942 பிப்ரவரியில் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்ட நோவிகோவ், ஏப்ரலில் ஜிகாரெவுக்குப் பதிலாக வான்படைத் தலைமைத் தளபதியானார். ஒரு மாதத்துக்குள், மே 5ஆம் நாள், மேற்குப் போர்முனையின் விமானங்களைக் கொண்டு முதலாம் வான்சேனையை அமைக்கும் ஆணை பிறந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் வான்சேனைகளின் எண்ணிக்கை 17 ஆயிற்று.

இச்சீர்திருத்தத்தில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, தரைச்சேனைகளுக்குப் பங்கிடப்பட்டிருந்த விமானங்கள் போர்முனைத் தளபதியின்கீழ் ஒரே வான்சேனையாகத் திரட்டப்பட்டன. இரண்டாவது, பலவகை விமானங்கள் கலந்திருந்த டிவிஷன்களுக்கு மாற்றாகச் சண்டை விமான டிவிஷன், தரைத்தாக்கு விமான டிவிஷன், குண்டுவீச்சு விமான டிவிஷன் எனத் தனித்தனி அமைப்புகள் தோன்றின. பராமரிப்பும் பயிற்சியும் இதனால் எளிதாயின. மூன்றாவது, உச்சத் தலைமைப் பீடமான ஸ்தாவ்காவின் நேரடிக் கட்டுப்பாட்டில் ஒதுக்கீட்டு வான்படைக் கோர்கள் உருவாக்கப்பட்டன. முதன்மையான தாக்குதல் நடைபெறும் போர்முனைக்கு இவை அனுப்பப்பட்டுப் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டன. தரையிலிருந்து வானொலி வழியே சண்டை விமானங்களை நெறிப்படுத்தும் முறையும் இக்காலத்தில் பரவலாயிற்று.

இருப்பினும் இந்த ஒருமுகப்படுத்தல் முழுமையானதன்று. 1942 மார்ச்சில் உருவாக்கப்பட்ட நெடுந்தொலைவு வான்படை கோலொவானோவின் தலைமையில் ஸ்தாவ்காவுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டிருந்தது. 1944 டிசம்பரில் அது 18ஆம் வான்சேனையாக மாற்றப்பட்ட பின்னரே நோவிகோவின்கீழ் வந்தது. கடற்படை விமானங்களும் வான்பாதுகாப்புச் சண்டை விமானங்களும் தனித் தலைமைகளின்கீழ் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, விமான உற்பத்தி ஷாகுரின் தலைமையிலான விமானத் தொழில் மக்கள் ஆணையத்தின் பொறுப்பில் இருந்தது. போரிடும் அமைப்பை மாற்றியமைக்கும் உரிமையே நோவிகோவுக்கு வாய்த்தது. போர்க்கருவியை உருவாக்கும் அமைப்பு அவர் கைக்கு அப்பாற்பட்டது.

5. ஸ்டாலின்கிராடு முதல் மஞ்சூரியா வரை

ஸ்டாலின்கிராடு எதிர்த்தாக்குதலுக்குச் சில நாள்கள் முன், 1942 நவம்பர் 12இல், ஸ்டாலின் ஜூக்கோவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். தம் விமானங்கள் இப்பணியை நிறைவேற்ற இயலா நிலையில் உள்ளன என நோவிகோவ் கருதினால் தாக்குதலைத் தள்ளிவைத்து, மேலும் விமானங்களைத் திரட்டுவதே நன்று என்பது அதன் சாரம். வான்படைத் தளபதியின் தொழில்முறைக் கணிப்புக்கு அக்கட்டத்தில் இருந்த மதிப்பை இது புலப்படுத்துகிறது.

நவம்பர் 23இல் செருமானிய ஆறாம் சேனை சூழப்பட்டபின், வான்வழி வழங்கலைத் தடுப்பது முதன்மைப் பணியாயிற்று. இதற்கென வான்வெளி நான்கு வளையங்களாகப் பகுக்கப்பட்டது. வெளிவளையத்தில் எதிரியின் விமானத் தளங்களைத் தாக்குதல், அதற்கு உட்பட்ட வளையத்தில் சண்டை விமானங்கள் பகுதிவாரியாகப் பொறுப்பேற்றல், மூன்றாம் வளையத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள், முற்றுகைப் பகுதிக்கு மேலேயும் உள்ளேயும் இறுதித் தாக்குதல் என்பது அம்முறை. சூழப்பட்ட சேனைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் பொருள் தேவைப்பட்ட நிலையில், சராசரியாகச் சென்றடைந்தது 100 டன்னை ஒட்டியே இருந்தது. செருமானியத் தரப்பு ஏறத்தாழ 490 போக்குவரத்து விமானங்களை இழந்தது. இவ்விழப்புகளில் கடுங்குளிரும் மூடுபனியும் விளைவித்தவையும் அடங்கும். தாத்சின்ஸ்கயா விமானத் தளம் டிசம்பர் 24இல் வீழ்ந்தது டாங்கிப் படையினால். எனவே வான்முற்றுகையை இவ்வெற்றியின் ஒரே காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஆயினும் சிதறிய வான்படையால் இத்தகைய முற்றுகையைத் திட்டமிட்டிருக்கவே இயலாது.

1943 மார்ச் 17இல் நோவிகோவ் வான்படை மார்ஷல் தகுதியைப் பெற்றார். அத்தகுதி பெற்ற முதல்வர் அவரே. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை கூபான் வானில் நடந்த சண்டைகளை ஸ்தாவ்காவின் சார்பாளராக அவர் ஒருங்கிணைத்தார். போக்ரிஷ்கின் போன்ற விமானிகள் உயர அடுக்குகளில் பறந்து தாக்கும் புதிய முறைகளை அங்குச் செம்மைப்படுத்தினர். கூர்ஸ்க் போரின் முதல்நாள் விடியலில் செருமானியத் தளங்கள்மீது நடத்தப்பட்ட முன்தாக்குதல் சோவியத் நூல்களில் வெற்றியாகப் போற்றப்பட்டது. செருமானிய ஆவணங்களோ சோவியத் தரப்பு கடும் இழப்புற்றதாகக் காட்டுகின்றன. கூர்ஸ்கில் வான்வெளி ஆதிக்கம் ஒரே அடியில் கிட்டியதன்று. நாள்தோறும் தேய்த்துப் பெற்றதாகும்.

1944 பிப்ரவரி 21இல் அவர் முதன்மை வான்படை மார்ஷல் ஆனார். 1945 ஏப்ரலில் கேனிக்ஸ்பெர்க் கோட்டைத் தாக்குதலில் பல வான்சேனைகளை ஒருங்கிணைத்தார். 500க்கும் மேற்பட்ட கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் பகலில் ஒருசேர ஈடுபடுத்தப்பட்டன. இதற்காகச் சோவியத் ஒன்றிய வீரர் விருதும், ஆகஸ்டு மாத மஞ்சூரியப் போரில் 9, 10, 12ஆம் வான்சேனைகளை வழிநடத்தியமைக்காக செப்டம்பரில் அதே விருது இரண்டாம் முறையும் அவருக்கு வழங்கப்பட்டன.

6. எண்ணிக்கையும் தரமும்

இவ்வெற்றிகளுக்கு அடித்தளமாக இருந்தது தொழிற்சாலைகளின் உற்பத்தி. 1942இல் சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ 25,400 விமானங்களையும் 1944இல் ஏறத்தாழ 40,000 விமானங்களையும் உற்பத்தி செய்தது. தொழிற்சாலைகள் கிழக்கே இடம்பெயர்க்கப்பட்டு, பயிற்சியற்ற இளையோரும் பெண்களும் பணியில் அமர்த்தப்பட்டு, அலுமினியப் பற்றாக்குறையால் மரமும் ஒட்டுப்பலகையும் மிகுதியாகப் பயன்பட்ட சூழலில் எட்டப்பட்ட எண்ணிக்கை இது. தரம் இதனால் பாதிக்கப்பட்டதில் வியப்பில்லை.

1943 ஜூனில் நிகழ்ந்த ஒன்று இதனைத் தெளிவாக்கும். கூர்ஸ்க் போருக்குச் சில வாரங்கள் முன் யாக் வகைச் சண்டை விமானங்களின் இறக்கை உறை வெடித்துக் கழன்றது. தரக்குறைவான பூச்சு வெயிலையும் மழையையும் தாங்கவில்லை. வடிவமைப்பாளர் யாக்கோவ்லெவும் துணை மக்கள் ஆணையர் டெமென்டியெவும் ஸ்டாலினால் அழைக்கப்பட்டுக் கடுமையாகச் சாடப்பட்டதை யாக்கோவ்லெவ் தம் நினைவுநூலில் விவரித்துள்ளார். பழுதுபார்க்கும் குழுக்கள் போர்முனைத் தளங்களுக்கு விரைந்தன; சில வாரங்களில் விமானங்கள் சீராக்கப்பட்டன. எவரும் சிறைப்படவில்லை.

ஒவ்வொரு தொழிற்சாலையிலும் வான்படையின் ஏற்புப் பிரிவு அதிகாரிகள் இருந்தனர். விமானத்தை ஏற்கவும் மறுக்கவும் விதிப்படி அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உற்பத்தி இலக்கைத் தீர்மானித்தது ஸ்டாலின் தலைமையிலான அரசுப் பாதுகாப்புக் குழு. ஒரு தொகுதியை மறுத்தால் தொழிற்சாலையின் இலக்கு தவறும்; போர்முனையில் விமானம் குறையும்; இரண்டுக்கும் விளக்கம் கேட்கப்படுபவர் மறுத்தவரே. ஏற்றுக்கொண்டால் குறைபாட்டைப் படையணியின் பொறியாளர்கள் களத்தில் சீர்செய்ய முயல்வர். முயற்சி தவறினால் விமானி இறப்பார். போர்க்காலம் முழுவதும் தொழில்துறையும் வான்படையும் இரண்டாம் வழியையே பெரும்பாலும் தேர்ந்தன. மேலிடம் இதனை அறிந்தே இருந்தது என்பதை 1943 ஜூன் நிகழ்வு காட்டுகிறது.

7. விமானிகள் வழக்கு

போர் முடிந்ததும் கணக்கு வேறாயிற்று. எண்ணிக்கையின் அவசரம் நீங்கியது. விபத்துகள் மட்டும் தொடர்ந்தன. தாரை விமானங்களில் மேலைநாடுகள் முந்திச் செல்வதும் தெரிந்தது. ஸ்டாலினின் மகனும் வான்படை அதிகாரியுமான வசீலி, விமானங்களின் தரம் குறித்துத் தந்தையிடம் முறையிட்டதும் வழக்குக்கு ஒரு தூண்டுதலாக ஆய்வாளர்களால் சுட்டப்படுகிறது. நோவிகோவின் பணிக்குழுத் தலைவராக இருந்த மார்ஷல் ஹுத்யாக்கோவ் 1945 டிசம்பரிலேயே கைது செய்யப்பட்டிருந்தார். அவர் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1946 ஜனவரியில் ஷாகுரினும் மார்ச்சில் நோவிகோவும் பதவி இழந்தனர். அபாக்குமோவ் தலைமையிலிருந்த ஸ்மெர்ஷ் எதிர்உளவு அமைப்பு ஏப்ரலில் நோவிகோவைக் கைது செய்தது. மே 10, 11 நாள்களில் உச்ச நீதிமன்றத்தின் படைத்துறை அமர்வு எழுவருக்குத் தண்டனை விதித்தது. ஷாகுரினுக்கு 7 ஆண்டுகள், வான்படைத் தலைமைப் பொறியாளர் ரேபினுக்கு 6, நோவிகோவுக்கு 5, வான்படைப் படைத்துறை மன்ற உறுப்பினர் ஷிமானோவுக்கு 4, கொள்முதல் பிரிவுத் தலைவர் செலெஸ்னியோவுக்கு 3, கட்சி மையக்குழுவின் விமானத்துறைப் பொறுப்பாளர்கள் புத்னிகோவ், கிரிகோர்யான் இருவருக்கும் தலா 2 ஆண்டுகள் என அத்தண்டனைகள் அமைந்தன.

இப்பட்டியலே ஒரு சான்று. உற்பத்தி செய்தவர், சோதித்தவர், ஏற்றவர், பயன்படுத்தியவர், கட்சியின் சார்பில் கண்காணித்தவர் எனத் தொடரின் ஒவ்வொரு கண்ணியும் அதில் உள்ளது. இலக்கை வகுத்த இடம் மட்டுமே இல்லை. கட்சித் தலைமையில் விமானத் தொழிலை மேற்பார்த்த மலென்கோவ் அதே மாதம் மையக்குழுச் செயலாளர் பதவியை இழந்தார். நீதிமன்றம் வரை அவர் கொண்டுவரப்படவில்லை.

வழக்கின் நோக்கம் விமானத்தோடு நிற்கவில்லை என்பதும் தெளிவு. சிறையில் நோவிகோவின் பெயரில் ஸ்டாலினுக்கு எழுதப்பட்ட வாக்குமூலத்தில் மார்ஷல் ஜூக்கோவுக்கு எதிரான செய்திகள் இடம்பெற்றன. ஜூன் 1ஆம் நாள் உயர் படைத்துறை மன்றக் கூட்டத்தில் அது ஷ்தெமென்கோவால் படிக்கப்பட்டது. ஜூக்கோவ் தரைப்படைத் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு ஒடெசாவுக்கு அனுப்பப்பட்டார். நெருக்கடியான விசாரணையில் பெறப்பட்ட அவ்வாக்குமூலத்தை அதன் உள்ளடக்கத்துக்கான சான்றாகக் கொள்ளலாகாது. அது பயன்படுத்தப்பட்ட முறைக்கு மட்டுமே அது சான்றாகும்.

வழக்கு அநீதியானது என்பதனால் குறைபாடுகள் கற்பனை என்று ஆகிவிடாது. குறைபாடுள்ள விமானங்களில் விமானிகள் உயிரிழந்தது உண்மை. அக்குறைபாடுகள் தோன்றிய வழியை ஆராய்ந்திருந்தால் உற்பத்தி முறையே விசாரணைக்கு வந்திருக்கும். அதனைத் தனிமனிதர் குற்றமாக மாற்றியதால் முறை விசாரணைக்குத் தப்பியது. இறந்த விமானிகளுக்கும் இவ்வழக்கில் நீதி கிட்டவில்லை என்றே கூற வேண்டும்.

8. விடுதலைக்குப் பின்

ஐந்தாண்டுத் தண்டனை முடிந்த பின்னும் நோவிகோவ் விடுவிக்கப்படவில்லை; 1952 பிப்ரவரியிலேயே வெளிவந்தார். ஸ்டாலின் மறைந்தபின், 1953 மே மாதத்தில் தண்டனை நீக்கப்பட்டுத் தகுதியும் விருதுகளும் மீண்டன. இம்மறுஆய்வை முன்வைத்தவர் பேரியா என்பதும், அவரே அடுத்த மாதம் கைதானார் என்பதும் அக்கால அரசியலின் இயல்பை உணர்த்தும்.

நோவிகோவ் நெடுந்தொலைவு வான்படையின் தளபதியானார். 1942இல் அவர் கட்டுப்பாட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த அதே பிரிவு இது. வான்படைத் தலைமையிலோ, 1942இல் அவருக்கு இடமளித்து விலகிய ஜிகாரெவ் மீண்டும் அமர்ந்திருந்தார். 1956இல் ஓய்வுபெற்ற நோவிகோவ், பத்தாண்டுகள் லெனின்கிராடு குடிமை விமானப் போக்குவரத்து உயர்கல்விக் கூடத்தின் தலைவராக இருந்தார். ஆசிரியராகத் தொடங்கிய வாழ்க்கை கல்விக்கூடத்திலேயே நிறைவுற்றது. அந்நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1970இல் வெளிவந்த ‘லெனின்கிராடு வானில்’ என்னும் அவருடைய நினைவுநூல், பெயருக்கேற்ப அம்முற்றுகை நகரின் போர்க்காலத்தோடு அமைகிறது. 1976 டிசம்பரில் அவர் மாஸ்கோவில் காலமானார்.

முடிவுரை

நோவிகோவின் பணிவாழ்விலிருந்து பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். தரைப்படைப் பயிற்சியும் பணிக்குழு அனுபவமும் கொண்ட ஒருவர், சிதறிய வான்படையை வான்சேனைகளாகவும் ஒதுக்கீட்டுக் கோர்களாகவும் திரட்டியமை போரின் போக்கை மாற்றிய காரணிகளுள் ஒன்று. அவ்வொருமுகப்படுத்தல் உற்பத்தித் துறையைத் தொடவில்லை. எனவே விமானத்தின் தரம் அவர் அதிகாரத்துக்கு வெளியிலும், அதற்கான பொறுப்பு அவர் பதவிக்கு உள்ளேயும் இருந்தன. 1941இல் ரிச்சாகோவையும் 1946இல் நோவிகோவையும் வீழ்த்தியது இந்த ஒரே இடைவெளி. முன்னவர் விபத்தின் காரணத்தை வாய்விட்டுக் கூறியதாக அறியப்படுபவர். பின்னவர் குறைபாட்டைச் சொல்லாது ஏற்றார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர். பேசியவரும் பேசாதவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர் எனில், பிழையை அவ்விருவரின் இயல்பில் தேடுவதைவிட அவர்கள் அமர்ந்த பதவியின் அமைப்பில் தேடுவதே வரலாற்றாய்வுக்கு உகந்த நெறியாகும்.